கைவலியில் பிறந்த மெஷின்

'ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாப்பா' என்று குரல் கேட்காத ஆபீஸ் உண்டா? அது ஒரு கம்பெனியின் பெயர் என்பதே மறந்துபோய்விட்டது. பின்னால் இருந்த மனுஷனை யார் நினைக்கப் போகிறார்கள்? எனக்கென்னவோ செஸ்டர் கார்ல்ஸனை ரொம்பப் பிடிக்கும். காரணம், அவரும் ஒரு ஆபீஸ் குமாஸ்தா மாதிரிதான் அவஸ்தைப்பட்டார்.

1906-ல் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரில் பிறந்தவர். நோயாளி அப்பா. பள்ளிக்கூட நாளிலேயே வேலைக்குப் போனார். 1930-ல் கால்டெக்கில் பௌதிகப் பட்டம் வாங்கி, 82 கம்பெனிகளுக்கு மனு போட்டார். கடைசியில் பெல் லாப்ஸில் கிடைத்த வேலையும் 1933-ல் போயிற்று. பிறகு நியூயார்க் கம்பெனி ஒன்றில் பேட்டன்ட் பிரிவு. அங்கே எத்தனை பிரதி எடுத்தாலும் போதாது. இவருக்கோ கிட்டப்பார்வை, மூட்டுவலி. நாமாக இருந்தால் அலுத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் லைப்ரரிக்குப் போனார்.

1938, அக்டோபர் 22. நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறை. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டை இருட்டில் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றம் செய்தார்கள் அவரும் உதவியாளர் ஓட்டோ கோர்னியும். தேதியையும் ஊரையும் எழுதிய கண்ணாடியை மேலே வைத்து விளக்கைப் போட்டார்கள். வெளிச்சம் பட்ட இடத்தில் மின்சாரம் ஓடிப்போனது. எழுத்தின் நிழலில் தங்கியது. பொடி தூவினால் அங்கே மட்டும் ஒட்டியது. மெழுகுக் காகிதத்தை அழுத்த, எழுத்து அதில் ஏறிக்கொண்டது. அவ்வளவுதான் சமாசாரம்! லேசர் பிரிண்டரும் இதே தத்துவம்தான்.

விற்கப் போனால்? ஐ.பி.எம்., கோடக் உள்பட 20-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கையை விரித்தன. கோர்னி வேறு வேலைக்குப் போனார். 1945-ல் கல்யாணமும் முறிந்தது. 1947-ல் ஹாலாய்ட் என்ற சின்ன கம்பெனி துணிந்து இறங்கியது. பிற்பாடு ஜெராக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது அதுதான். '914' மெஷின் வெளிவந்தது 1959-ல். ஆக மொத்தம் 21 வருஷம்.

பணம் கொட்டியது. சுமார் 10 கோடி டாலரைத் தானம் செய்துவிட்டு 1968-ல் காலமானார். பாதியில் போன கோர்னிக்கும் மறக்காமல் 100 ஷேர் கொடுத்தார்.

கோபம் வந்தால் பத்து வரை எண்ணச் சொல்வார்கள். ஜெராக்ஸ் மெஷின் பேப்பரை மென்று மக்கர் பண்ணும்போது மட்டும், தயவுசெய்து இருபத்தொன்று வரை எண்ணுங்கள்.