பழைய மோட்டார் சைக்கிள்: சிறியதா, பெரியதா?

பணி ஓய்வுப் பலன்கள் கைக்கு வந்ததும், வீட்டுப் பழுது, பிள்ளைகளின் திருமணம் ஆகிய கடமைகளுக்குப் பின் சிலர் மனத்தில் எழும் ஆசை ஒன்று உண்டு. இளமையில் வாங்க இயலாமற்போன மோட்டார் சைக்கிளை இப்போதாவது சொந்தமாக்கிக் கொள்ள வேண்டும் என்பதே அது. ஆஸ்டின் டவுன் வாழ் வாடிக்கையாளர்களிடம் பேசும்போது, "சிறிய வண்டி வாங்கலாமா, பெரிய வண்டி வாங்கலாமா?" என்ற வினாவை நாம் அடிக்கடி எதிர்கொள்கிறோம். சேமிப்பின் ஒரு பகுதி இதில் முடங்கவிருப்பதால், வங்கியாளர் என்ற முறையில் நம் கருத்தைக் கூறுவது பொருத்தமாகும்.

பெங்களூரின் ஒருபுறம் மைசூர், மறுபுறம் சென்னை. இரண்டுமே மோட்டார் சைக்கிள் பிறந்த ஊர்கள். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-இல் உற்பத்தியைத் தொடங்கி, ஜாவாவையும் பின்னர் யெஸ்டியையும் தந்து, 1996-இல் மூடப்பட்டது. சென்னையில் 1955-இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர் ஆலை புல்லட்டைத் தந்தது. இவற்றோடு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ராஜ்தூத் 350, 1985-இல் வெளிவந்த யமஹா ஆர்.எக்ஸ். 100, இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி.எஸ்.ஏ. எம்.20 ஆகியவையும் விரும்பித் தேடப்படுகின்றன. 98 சி.சி. முதல் 500 சி.சி. வரை நீளும் இவ்வரிசையில், முதன்முறையாக வாங்குபவர் சிறிய வண்டியையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது காரணம் இடம். ஆஸ்டின் டவுனில் வீடுகள் நெருக்கமானவை, தெருக்கள் குறுகியவை. வண்டியை வாசற்படி ஏற்றி உள்ளே நிறுத்த வேண்டியவர்கள் பலர். ஆர்.எக்ஸ். 100-இன் எடை ஏறத்தாழ 100 கிலோ. புல்லட்டின் எடை 160 கிலோவுக்கு மேல். அறுபது வயதில் அந்த 60 கிலோ வேறுபாட்டை முதுகெலும்பு நன்கு உணரும். புல்லட்டை உதைத்துக் கிளப்புவதும் தனிப் பயிற்சி. டிகம்பிரஷன் நெம்புகோலை அழுத்தி, அம்மீட்டர் முள்ளை நடுவே நிறுத்தி, அதன் பின்னரே கிக்கரை மிதிக்க வேண்டும். பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். ரிச்மண்ட் சாலையின் ஒவ்வொரு சிக்னலிலும் இது நினைவில் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் ஆண்டுச் செலவு. மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு 714 ரூபாய். 150 முதல் 350 வரை 1,366 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 2,804 ரூபாய். 346 சி.சி. கொண்ட புல்லட்டும் 250 சி.சி. ஜாவாவும் ஒரே படியில் நிற்க, 500 சி.சி. வண்டி இருமடங்குக்கு மேல் கேட்கிறது. வண்டிக்கு நேரும் சேதத்தைப் பொறுத்தவரை, ஐந்தாண்டு கடந்த வாகனத்தின் காப்பீட்டு மதிப்பு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வது. எனவே சந்தை விலை முழுவதும் காப்பீட்டில் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

பெரிய வண்டியை விரும்புவோரின் வாதத்திலும் நியாயம் உண்டு. நெடுஞ்சாலையில் புல்லட் குறைந்த சுழற்சியில் சோர்வின்றி ஓடும். அதன் உதிரிபாகங்கள் ஜே.சி. சாலையிலும் சிவாஜி நகரிலும் எளிதில் கிடைக்கும். எனவே புல்லட் 350-ஐ நாம் விலக்கவில்லை. ஆனால் பி.எஸ்.ஏ. போன்ற வண்டிக்குப் பல பாகங்களை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அது யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பாகும். ராஜ்தூத் 350-இன் வேகம் பெரிது. அதை நிறுத்துவதற்கோ முன்சக்கரத்தில் டிரம் பிரேக் மட்டுமே உண்டு. பெட்ரோல் செலவிலும் அது பெயர் பெற்றதே. சி.சி. எண்ணை மட்டும் பாராமல், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் யார் என்பவற்றையும் சேர்த்தே அளவிட வேண்டும்.

சட்ட நிலையையும் அறிந்திருத்தல் நன்று. 2021 ஜூலையில் வெளியான மத்திய அரசின் விதிப்படி, முதற்பதிவு முடிந்து 50 ஆண்டுகள் கடந்த, மூல வடிவம் மாறாத வாகனமே 'விண்டேஜ்' எனப்படும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். அவ்வகையில் பதிவான வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடம் ஓட்ட இயலாது. 1985-இல் அறிமுகமான ஆர்.எக்ஸ். 100 இத்தகுதியை இன்னும் எட்டவில்லை. அதற்குச் சாதாரணப் பதிவே பொருந்தும். 15 ஆண்டு கடந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த வண்டியானாலும் எஞ்சின் எண், சேஸிஸ் எண் இரண்டும் ஆர்.சி.யுடன் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வண்டி வெளிமாநிலப் பதிவு என்றால் தடையின்மைச் சான்று பெறாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இனி பணம். இவ்வளவு பழைய வண்டிக்கு வாகனக் கடன் கிடைப்பது அரிது. தனிநபர் கடனையோ வைப்புத்தொகையையோ நாட நேரிடும். 2 லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்குக் கடனாகப் பெறுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 4,449 ரூபாய். வட்டி மட்டுமே சுமார் 67,000 ரூபாய். வண்டியின் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் இச்சுமையை ஏற்பது சரியன்று. வண்டி வட்டி ஈட்டுவதில்லை, விற்றால்தான் விலை. கையிலுள்ள தொகையை மூன்று பங்காக்கி, இரண்டு பங்குக்குள் வண்டியை வாங்கி, ஒரு பங்கை முதலாண்டுப் பழுதுக்கு ஒதுக்குவதே முறை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆசையைக் கைவிடுமாறு நாம் சொல்லவில்லை. ஒரு சோதனையை மட்டும் பரிந்துரைக்கிறோம். விரும்பும் வண்டிக்கு எவ்வளவு தவணை வருமோ, அத்தொகையை ஓராண்டு தொடர் வைப்பில் செலுத்திப் பாருங்கள். இல்லச் செலவு இடறாமல் பன்னிரண்டு மாதங்களும் கட்ட முடிந்தால் அந்த வண்டி உங்களுக்கு ஏற்றதே. மேற்கூறிய கணக்கில் 53,000 ரூபாய்க்கு மேல் கையில் சேர்ந்தும் இருக்கும். இடையில் ஒரு மாதம் தவறினாலும் அதைவிடச் சிறிய வண்டியைப் பாருங்கள்.