உள்பக்கத்துச் சக்கரம்

மேட்டூர் அணை திறந்து, குடமுருட்டி ஆற்றில் தண்ணீர் வந்து, திருக்காட்டுப்பள்ளி முழுக்கக் குறுவைப் பேச்சாக இருந்த வாரம் அது. அக்கா வீட்டு மாடியில் அவள் மகன் நான்கு நாட்களாகக் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை. “காலேஜ் லீவு விட்டா இப்படியா? சோத்துக்குக்கூட கீழ வரமாட்டேங்கறான். நீயாவது போய்ச் சொல்லுடா” என்று அக்கா என்னை மேலே அனுப்பினாள். சொல்லத்தான் போனேன். கொஞ்ச நேரத்தில் அவன் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

திரையில் கார் ஓடவில்லை. ஓர் இன்ஜின் தனியாக நின்றது. பக்கத்தில் இரண்டு கோடுகள் ஏறி இறங்கின. ஒன்று குதிரைத்திறன், மற்றது டார்க், அதாவது சக்கரத்தைத் திருகும் வலு. “இது ரேஸ் கேம் இல்ல மாமா, கார் செய்யற கேம்” என்றான். ‘ஆட்டோமேஷன்’ என்று பெயர். கேம்ஷாஃப்ட் சாஃப்ட்வேர் என்ற சிறு நிறுவனம் உருவாக்கியது. சிலிண்டரின் குறுக்களவான போர் எத்தனை மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் எத்தனை, கம்ப்ரஷன் எவ்வளவு, கியர் விகிதம் என்ன, ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்று எல்லாவற்றையும் நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். முடிந்ததும் அந்தக் காரை ‘பீம்என்ஜி’ என்ற இன்னொரு விளையாட்டுக்குள் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். ஜெர்மனியின் பிரேமன் நகரத்துக்காரர்கள் செய்தது. காரின் உடம்பு எங்கே வளைகிறது, எங்கே நசுங்குகிறது என்று அது நொடிக்கு 2000 தடவை கணக்குப் போடுகிறது.

ஆட்டோமேஷன் ஆடுகிறவர்கள் பல நாடுகளிலிருந்து கூடித் தங்களுக்குள்ளேயே போட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் விதி எழுதுவார். இந்தத் தடவை 1.6 லிட்டருக்கு மேல் இன்ஜின் கூடாது, டர்போ கூடாது, சாதாரண பெட்ரோல்தான், எடை 900 கிலோவுக்குக் குறையக் கூடாது, விலைக்கும் ஓர் உச்சவரம்பு. அவரவர் காரைச் செய்து கோப்பாக அனுப்பிவிட வேண்டும். போட்டி நடத்துகிறவர் எல்லாக் கார்களையும் ஒரே தடத்தில் ஓடவிட்டு நேரம் எடுப்பார். பணப்பரிசு எதுவும் கிடையாது.

இவனுக்கு இந்தப் பித்து பஸ்ஸில் ஆரம்பித்தது. நம் ஊர்ப் பையன்கள் பலர் செல்போனில் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’ ஆடுவார்கள். அதில் நாமே பஸ்ஸுக்கு வண்ணம் தீட்டி ஓட்டலாம். பத்தாம் வகுப்பில் இருந்தபோது தஞ்சாவூர் தடத்துத் தனியார் பஸ் ஒன்றை, முன்கண்ணாடியில் தொங்கும் மாலை உட்பட வரைந்து வைத்திருந்தான். அப்போது நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அது என் தப்பு.

மாடியில் உட்கார்ந்த அன்றைக்குத்தான் பார்த்தேன். இன்ஜினின் கேம்ஷாஃப்ட் என்ற பாகத்தில் ஒரே ஒரு எண்ணை ஏற்றினான். நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றில் ஒன்பது குதிரைத்திறன் கூடியது. ஆனால் மூவாயிரத்தைந்நூறுக்குக் கீழே டார்க் கோடு சரிந்துவிட்டது. “நேர் ரோட்டுல பறக்கும் மாமா. ஆனா வளைவுல இருந்து கிளம்பறப்ப மூச்சு வாங்கும்” என்றான். கம்ப்ரஷனைக் கூட்டினால் வலு வரும், ஒரு கட்டத்துக்கு மேல் சாதாரண பெட்ரோலில் இன்ஜின் தட்ட ஆரம்பிக்கும். எடையைக் குறைத்தால் விலை ஏறும். பின்னால் இறக்கை வைத்தால் வளைவில் தரையோடு அமுக்கிப் பிடிக்கும், நேர்ப்பாதையில் காற்று இழுக்கும். எங்கே கை வைத்தாலும் இன்னொரு இடத்தில் விலை கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

கீபோர்டு பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு கிடந்தது. வாங்கிப் புரட்டினேன். அறுபத்தொரு பதிவுகள். ஒவ்வொன்றிலும் தேதி, என்ன மாற்றினான், எவ்வளவு மாற்றினான், மூன்று சுற்று நேரம், சராசரி. “பின் ஸ்பிரிங் ஒரு படி இளக்கம். மூன்றாம் வளைவில் நல்லது. ஐந்தில் வால் வீசுகிறது. திரும்பப் பழையபடி.” ஏன் ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் என்று கேட்டேன். “ரெண்டை ஒண்ணா மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?” என்றான். என் கல்லூரி நாட்களில் ஆய்வுக்கூட நோட்டில் முன்வருடத்து அண்ணன்களின் விடைகளைப் பார்த்து எழுதியவன் நான். இவன் நோட்டில் ஒரு வரிகூட அப்படி இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். கொண்டை ஊசி வளைவு ஒன்றைவிட்டு வெளியேறும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது, கார் நகரமாட்டேன் என்கிறது. இரண்டு நாளாக இதே பாடு.

அந்த நேரத்தில் கூலிக் கணக்குப் பார்க்க டிராக்டர் ஓட்டும் அண்ணன் வந்திருந்தார். முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு. அக்கா கீழிருந்து டீயோடு அவரையும் மாடிக்கு அனுப்பிவிட்டாள். வாசலிலேயே நின்று திரையைப் பார்த்தார்.

“இன்னொரு தடவை ஓட்டு தம்பி.”

ஓட்டினான்.

“உள்பக்கத்து வீல் சும்மா சுத்துது பாரு. லாக் போடு.”

டெல்டாவில் டிராக்டரால் சேறு கலக்கித் தொழி அடிக்கிறவர்களுக்கு இது கைப்பாடம். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக. அதற்காகத்தான் பின் அச்சில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதில் ஒரு பலவீனமும் உண்டு. இரண்டு சக்கரத்துக்கும் வலுவைச் சமமாகத்தான் பிரிக்கும். அதனால் ஒரு சக்கரம் பிடி இழந்துவிட்டால், பிடி இருக்கிற சக்கரத்துக்கும் வலு போகாது. சேற்றில் ஒரு பக்கத்துக் கேஜ் வீல் (இரும்புச் சக்கரம்) புதைந்து வெறுமனே சுற்றினால், ஓட்டுநர் குதிகாலால் லாக் பெடலை மிதிப்பார். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிணைந்து வண்டி மேலே வரும். பந்தயக் கார் வளைவில் சாயும்போது உள்சக்கரத்தின் மேல் இருக்கிற பாரம் குறைந்துவிடுகிறது. சேறு இல்லாமலே அதே கதைதான்.

பையன் அப்படியே செய்தான். கார் கிளம்பிவிட்டது. அண்ணன் டீயை வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: “லாக் போட்டுக்கிட்டுத் திருப்பாத. திரும்பாது. நேரா வரப்புல ஏறிரும்.” சொன்ன மாதிரியே அடுத்த வளைவில் கார் திரும்பாமல் நேராகப் போய்த் தடுப்பில் முட்டியது. முழுப் பூட்டும் இல்லாமல் முழுத் திறப்பும் இல்லாமல் பாதியில் பிடிக்கும் டிஃபரன்ஷியல் ஒன்றும் அந்த விளையாட்டில் இருக்கிறது. அதைப் போட்டு, பிடியை ஒவ்வொரு படியாகக் கூட்டிப் பார்த்தான். ராத்திரி பதினோரு மணிக்கு என் போனுக்குச் செய்தி வந்தது: ஒரு சுற்றுக்கு நொடியில் பத்தில் ஏழு பங்கு மிச்சம்.

‘இதெல்லாம் சோறு போடுமா’ என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. விளையாட்டில் ஜெயித்து நிஜத் தடத்துக்குப் போனவர்கள் உண்டு. 2011-இல் ‘ஜிடி அகாடமி’ போட்டியில் வென்ற பிரிட்டிஷ் இளைஞர் யான் மார்டன்பரோ அப்படிப் போனவர். அவர் கதை 2023-இல் படமாகவும் வந்தது. ஆனால் அது லட்சத்தில் ஒருவர் கதை. நான் அக்காவிடம் சொன்னது கோயம்புத்தூர்க்காரர் கரிவர்தன் கதை.

பந்தயக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இங்கே நினைத்திருந்த காலத்தில், சாலையில் ஓடும் மாருதி 800-இன் 796 சி.சி. இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தவர் எஸ். கரிவர்தன். அந்த ஃபார்முலா மாருதி வந்த பிறகுதான் கோடீஸ்வரர் அல்லாத பையன்களும் தடத்தில் இறங்க முடிந்தது. 2005-இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் தொடக்கமும் ஃபார்முலா மாருதிதான். 1995-இல் சிறு விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைச் சுமக்கிறது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு வந்து மோதும் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி அங்கேதான் நடக்கிறது. அதில் ஓட்டிக் காட்டினால் மட்டும் போதாது. ஏன் இந்த ஸ்பிரிங், ஏன் இந்தக் கியர் என்று நடுவர்கள் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும், அதற்கும் மதிப்பெண் உண்டு. அந்த ‘ஏன்’ அறுபத்தொன்றும் இவன் நோட்டில் இருக்கிறது.

இதில் குறையும் உண்டு. திரையில் போல்ட் மரை அழியாது, சைலன்சர் கையைச் சுடாது, கிரீஸ் நகத்துக்குள் போகாது. இன்ஜினை அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்து வைத்திருக்கும் இவன் ஸ்பேனர் பிடித்ததே இல்லை என்பது பேச்சில் தெரிந்தது. டிராக்டர் அண்ணன் சிரிக்கவில்லை. “ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வா, கிளட்ச் இறக்கறோம்” என்றார். போனான். சட்டையெல்லாம் ஆயிலோடு திரும்பி வந்ததற்கு அக்கா திட்டினாள். எனக்கு மனசு நிறைந்தது.

போட்டியில் நாற்பத்து மூன்று கார்கள். இவன் கார் பதினொன்றாவது. போன தடவை முப்பத்தாறாவது. முடிவு வந்த அன்று அண்ணன் நடுவயலில் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் போட்டு எத்தனாவது என்று கேட்டார்.

உங்கள் வீட்டு மாடியிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், திட்டுவதற்கு முன் அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். என்ன மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று கேளுங்கள். எழுதி வைக்கிறானா, எழுதி வைக்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். நாற்பது பக்கம் போதாது, இருநூறு பக்கமாக.