ஒரு டீ சொல்லுங்க! பெருநகர் டீக்கடைகளுக்கு எத்தனை மார்க்?

இங்கிலாந்துக்காரர்கள் பப்புகளுக்கு மார்க் போடுவதில் கில்லாடிகள். 'காம்ரா' என்ற பீர் பிரியர்கள் சங்கம் ஊர் ஊராகப் போய்க் குடித்துப் பார்த்து, 'குட் பீர் கைடு' என்று 1974-லிருந்து புத்தகமே போட்டுவருகிறது. பீர் எப்படி, கடை எப்படி என்று எல்லாம் அதில் இருக்கும்.

காஞ்சிபுரம் - வந்தவாசி ரோட்டில் இருக்கும் பெருநகரில் பப்புக்கு எங்கே போவது? டாஸ்மாக் பக்கம் யாரும் சூழலை ரசிக்கப் போவதில்லை. வேலை முடிந்து உட்கார, ஊர்க்கதை பேச, ஓசியில் பேப்பர் படிக்க... அங்கே பப் செய்கிற வேலையை இங்கே செய்வது டீக்கடைதான். 1942-ல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் ஆரம்பித்த தினத்தந்தி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் டீக்கடை பெஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒருவர் சத்தமாகப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். ஆகவே இந்த வாரம் பெருநகர் டீக்கடைகள்!

மார்க் போடும் முறை

இதில் நமக்கு ஒரு வழிகாட்டி உண்டு. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் லண்டன் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்டு' பத்திரிகையில் நல்ல டீ போட 11 விதிகள் எழுதினார். அடுத்த மாதமே அதே பத்திரிகையில், நல்ல பப்புக்கு இருக்க வேண்டிய 10 அம்சங்களை எழுதினார். அதில் அவருக்கு ரொம்பப் பிடித்தது தோட்டம். அப்பா மட்டும் பப்புக்குப் போக, அம்மா வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டாம்; குடும்பமே வந்து உட்காரலாம் என்பது அவர் சொன்ன காரணம். அப்படி ஒரு பப் எங்கேயும் இல்லை என்பதையும் கடைசியில் ஒப்புக்கொண்டார்.

அதைப் படித்த பிறகு நம் மார்க் முறை இப்படி ஆனது: டீக்கு 4, இடத்துக்கு 3, பெஞ்சுக்கு 3. பெஞ்ச் மார்க் என்பது பலகையின் வசதிக்கு இல்லை. அதில் யார் யார் உட்கார முடிகிறது என்பதற்கு.

இன்னொன்று, தகுதி நீக்கம். நம் தாலுகா தலைமையிடமான உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு, பதவியில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி போட்டிக்கே வர முடியாது என்கிறது. நம் விதியும் அப்படித்தான்: ஆளுக்கொரு கிளாஸ் என்று சாதி பார்க்கும் கடை போட்டியிலேயே இல்லை. 'இன்னுமா இதெல்லாம்?' என்று கேட்காதீர்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் கலெக்டர் நேரில் போனபோது, டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பது தெரிந்து வழக்குப் பதிவானது. பெருநகரில் நாம் போன மூன்று கடைகளிலும் எல்லோருக்கும் ஒரே கண்ணாடி கிளாஸ்தான். பாஸ்!

கடை 1: பஸ் ஸ்டாப் பக்கம்

டீ அபாரம். காரணம் கூட்டம். டஸ்ட் டீத்தூளில் சாயம் சட்டென்று இறங்கும். ரொம்ப நேரம் கொதியிலேயே கிடந்தால் கசந்துவிடும். இங்கே கூட்டம் நிற்பதே இல்லை என்பதால், மாஸ்டர் பையில் தூளை மாற்றிக்கொண்டே இருக்கிறார். ஒரு முழம் உயரத்தில் ஆற்றி, நுரையோடு வருகிறது. டீக்கு முழு 4.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஏற்கெனவே இருந்த மூன்று பேரும் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்கள். மரியாதைதான், தப்பே சொல்ல முடியாது. ஆனால், பெஞ்ச் காலி. பேச்சும் காலி. காலை ஆறு மணிக்கு கம்பெனி பஸ்ஸுக்காகப் பத்துப் பெண்கள் அங்கே நிற்கிறார்கள். ஒருவர்கூட உட்காரவில்லை.

"உட்கார்ந்து குடிக்கலாமே அக்கா?"

"எல்லாம் ஆம்பளைங்களா இருக்காங்க பாப்பா. எதுக்கு வம்பு? பார்சல் வாங்கினு பஸ்ல குடிச்சிக்குவோம்."

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. தனியாக வேலைக்குப் போகிறோம், ஊர் தாண்டிப் போகிறோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது உட்கார்ந்து ஒரு டீ குடிப்பதுதான் இன்னும் வரவில்லை.

கடைக்காரரிடம் இன்னொரு பெஞ்ச் போடலாமே என்றேன். "போட்டா வந்து உட்காருவாங்களாம்மா?" என்றார். "போட்டுப் பாருங்களேன் அண்ணே" என்றேன். சிரித்தார். இடத்துக்கு 2, பெஞ்சுக்கு 0. மொத்தம் 6.

கடை 2: கோயில் பக்கம்

பிரம்மபுரீஸ்வரர் கோயிலுக்கு நடக்கும் தூரம். டீ சுமார், மசால் வடை சூப்பர். மர நிழல், காற்று, சத்தமில்லாத ரேடியோ. இங்கேயும் பெஞ்சில் ஆண்கள்தான். ஆனால், தைப்பூச ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் எல்லாம் செய்யாற்றுக்கு வரும் நாளில், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து டீ குடிப்பார்களாம். அன்றைக்கு யாரும் யாரையும் பார்ப்பதில்லையாம். ஒருநாள் முடிகிறது என்றால் மற்ற நாளும் முடியும் என்ற நம்பிக்கையில் பெஞ்சுக்கு 1. டீ 3, இடம் 3. மொத்தம் 7.

கடை 3: தகரக் கொட்டகை

ஊரைத் தாண்டி மானாம்பதி போகும் வழியில், ஓர் அக்கா நடத்தும் கடை. டீயில் சர்க்கரை தூக்கல், டிகாஷன் கம்மி. நுரையைத் தேட வேண்டும். டீக்கு 2 தான் அக்கா, மன்னிச்சுக்கோங்க!

ஆனால், நாற்று நட்டுவிட்டு வந்த நான்கு பெண்கள் சேற்றுக் காலோடு பெஞ்சில் உட்கார்ந்து, மகளின் காலேஜ் ஃபீஸ் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு தாத்தா பேப்பரில் மூழ்கியிருந்தார். யாரும் யாருக்காகவும் எழுந்திருக்கவில்லை. எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வயல் பார்த்த இடத்துக்கு 3, பெஞ்சுக்கு 3. மொத்தம் 8.

இந்த வார முதலிடம் தகரக் கொட்டகைக்கு. சிறந்த டீ பஸ் ஸ்டாப் கடையில். அந்த டீயை இந்த பெஞ்சில் உட்கார்ந்து குடிக்க முடிந்தால் பத்துக்குப் பத்து!

உங்கள் ஊர் டீக்கடைக்கு நீங்களே மார்க் போட்டு அனுப்புங்கள். ஒரே நிபந்தனை: அம்மாவையோ பாட்டியையோ கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்த பிறகு போடுங்கள்.