விற்காத வரை நஷ்டம் இல்லையா?

“விற்றால்தானே நஷ்டம்? அதுவரைக்கும் அது வெறும் பேப்பர் லாஸ்.” பங்குச் சந்தையில் காசு போட்ட வீடுகளில் இந்தப் பேச்சு அடிபடாத வீடு இருக்காது. சொல்பவர்கள் ஆறுதலுக்காகத்தான் சொல்கிறார்கள். அந்த ஆறுதல்தான் சேமிப்பைக் கரைக்கிறது.

100 ரூபாய்க்கு வாங்கிய பங்கு இன்று 20 ரூபாய்க்குப் போகிறது என்றால், கையில் இருப்பது 20 ரூபாய்தான். மீதி 80 ஏற்கெனவே போய்விட்டது. அது 20-லிருந்து மறுபடி 100-ஐத் தொட 400 சதவீதம் ஏற வேண்டும். “போட்ட காசு வந்தால் போதும், வெளியே வந்துவிடுவேன்” என்று காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. அவர்கள் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதற்கு அக்கறை கிடையாது.

லட்சுமி விலாஸ் வங்கியைப் பாருங்கள். 1926-ல் கரூரில் தொடங்கிய வங்கி. நம்ம ஊர் பேங்க், அது எங்கே போய்விடும் என்ற நம்பிக்கையில் பங்கை வைத்திருந்தவர்கள் ஏராளம். 2017 டிசம்பரில், ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்களுக்கான உரிமைப் பங்கு (ரைட்ஸ்) 122 ரூபாய்க்கு வந்தது. அடுத்து நடந்தவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. 2017-18, 2018-19, 2019-20 என்று மூன்று நிதியாண்டும் தொடர்ந்து நஷ்டம். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. அப்போதும் பங்கு 30 ரூபாய்க்கு மேல்தான் இருந்தது. அடுத்த மாதமே, இந்தியாபுல்ஸ் ஹவுசிங்குடன் இணையும் திட்டத்தை ரிசர்வ் வங்கி நிராகரித்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு ஏழு இயக்குநர்களை வெளியேற்றினார்கள். ஒவ்வொன்றும் வெளியேறச் சொன்ன அறிவிப்பு. ஒவ்வொரு முறையும் “இந்த விலைக்கா விற்பது?” என்ற கேள்விதான் கையைக் கட்டிப்போட்டது.

2020 நவம்பர் 17 அன்று, வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் பணம் எடுக்கத் தடை வந்தது. நவம்பர் 27-ல் வங்கி டிபிஎஸ் பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்கள் தப்பித்தார்கள். பங்கு மூலதனம் முழுவதும் ரத்து. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது பூஜ்யம். ஒரு பங்கைக்கூட விற்காதவர்களுக்குத்தான் முழு நஷ்டமும்.

“விலை இறங்கியதற்கெல்லாம் விற்றால் உருப்பட முடியுமா? 2020 மார்ச்சில் விற்றவன் கதி என்ன?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மார்ச் 23-ல் 7,610-க்கு விழுந்த நிஃப்டி, அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டியது. ஆனால் அப்போது விழுந்தது சந்தை முழுவதும். ஒரு கம்பெனி மட்டும் உள்ளுக்குள் அரித்துப்போவது வேறு சங்கதி. எந்தக் காரணத்தை நம்பி வாங்கினோமோ அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது செத்துப்போன பிறகு “இறங்கின விலையில் இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணு” என்று யோசனை சொல்பவர்கள், இன்னும் கொஞ்சம் காசைக் குழிக்குள் போடச் சொல்கிறார்கள்.

இது நம்மிடம் மட்டும் உள்ள பலவீனம் இல்லை. டெரன்ஸ் ஓடீன் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் முடிவை வெளியிட்டார். மக்கள் லாபத்தில் இருப்பதைச் சட்டென்று விற்று, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். விற்ற பங்குகள் அடுத்த ஓராண்டில், வைத்துக்கொண்ட பங்குகளைவிடச் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளிகள் அதிகம் தந்தன. காய்க்கும் மரத்தை வெட்டிவிட்டுப் பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

நஷ்டத்தை ஒப்புக்கொண்டு விற்பவருக்குச் சட்டமும் கை கொடுக்கிறது. குறுகிய கால நஷ்டத்தை எந்த மூலதன லாபத்தோடும், நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்தோடும் கழிக்கலாம். மிச்சம் இருந்தால் எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோகலாம். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். பேப்பர் லாஸுக்கு வருமான வரிக் கணக்கில் ஒரு ரூபாய்கூடக் கழிவு கிடையாது.