பாட்டிக்கு வலித்தது எங்கே?

மலாக்காவில் ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய பாட்டி ஒருவர் கிளினிக்குக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "மனசு வலிக்குது, நெஞ்சு அடைக்குது, தூக்கமே இல்ல." மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த பேரன் மலாயில் சொல்கிறான்: "சாக்கிட் ஹாத்தி, சாக்கிட் டாடா."

முதல் சொல் மலாயில் யார் மீதோ உள்ள மனக்கசப்பைக் குறிக்கும். இரண்டாவது வெறும் நெஞ்சுவலி. ஈசிஜி எடுக்கிறார்கள், எடுத்தது தவறில்லை. இதயம் நன்றாக இருப்பதால் பாட்டி வலிமாத்திரையோடு வீடு திரும்புகிறார். "சூசா ஹாத்தி" (மனக்கவலை) என்று பேரன் சொல்லியிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். அப்போதும், "செத்துடலாம் போல இருக்கு" என்று பேரன் முன்னால் எந்தப் பாட்டி வாய் திறப்பார்? தற்கொலை முயற்சியே 2023 வரை மலேசியாவில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது.

பலர் உடம்பை மட்டும் சொல்லி மனதை மறைப்பதில் ஒரு கணக்கும் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ரகுராமும் சகாக்களும் செய்த ஆய்வு (1996) அதைக் காட்டியது: உடம்பு வலி எல்லோருக்கும் வருவது; மனச்சோர்வு என்று தெரிந்தால் வீட்டில் கல்யாணப் பேச்சே தடைபடும்.

நோயாளியின் சொல்லைப் புரிந்துகொள்வதில் அமெரிக்காவும் தடுக்கி விழுந்த நாடுதான். 1950களில் போர்ட்டோரிக்கோ சிப்பாய்கள் அலறி, நடுங்கி, மயங்கியபோது ராணுவ மருத்துவர்கள் அதற்கு அந்தத் தீவின் பெயரையே நோய்ப்பெயராகச் சூட்டினார்கள். அம்மக்களோ அதை 'அத்தாக்கே தெ நெர்வியோஸ்', அதாவது நரம்புத் தாக்குதல் என்று சொல்லிவந்தார்கள். 1994இல் வந்த டிஎஸ்எம்-4 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் பின்னிணைப்பில் அந்தச் சொல் இடம்பெற்றது, நம்மூர் மலாய்ச் சொற்களான 'அமோக்', 'லாத்தா'வோடு. 2013இன் டிஎஸ்எம்-5 இன்னும் ஒருபடி மேலே போய், உங்கள் தொல்லைக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயர் என்ன, எதனால் வந்ததாக வீட்டார் நினைக்கிறார்கள் என்றெல்லாம் கேட்கும் 16 கேள்விகளைத் தந்தது.

ஆனால் பண்பாட்டை மதிப்பதற்கும் எல்லை உண்டு. மலாக்காவின் செங் சன்னாசிமலைக் கோயிலில் மாசி மகத்தன்று சாமியாடும் பெண்ணை யாரும் நோயாளி என்பதில்லை. அதே பெண் மாதக்கணக்கில் குரல் கேட்டுச் சாப்பிடாமல் கிடந்தால்? அதையும் சாமி என்று விட்டுவிடுவது பண்பாட்டு மரியாதை ஆகாது. 2001இல் தமிழ்நாட்டின் ஏர்வாடியில், மனநோய் தீர தர்காவை நம்பி அழைத்து வரப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள்.

மலாக்காவில் இன்னொரு சிக்கல். காஜா பெராங் செட்டிமார் தமிழ் வழியினர், வீட்டுமொழி மலாய். ஆக, முகத்தையும் பெயரையும் பார்த்து மொழியை ஊகிக்கவும் முடியாது, கேட்டாக வேண்டும்.

இதைச் சரிசெய்யச் செலவு பெரிதில்லை. பயிற்சி பெற்ற தமிழ் உதவியாளர் ஒருவர், போனிலாவது. பாட்டியின் சொல் அப்படியே ஃபைலில் ஏற ஒரு வரி. பேரன் வெளியே உட்கார ஒரு நாற்காலி.