பெயர்ப்பலகையில் கையெழுத்து

யாழ்ப்பாணம் - பருத்தித்துறை வீதியில் பஸ்ஸில் போகும் ஒருவருக்கு, நெல்லியடிச் சந்தியில் நமது கடையின் பெயரை வாசிக்கச் சில விநாடிகளே கிடைக்கின்றன. அதற்குள் பெயர் விளங்காவிட்டால் பலகைக்குச் செலவழித்த காசு வீண். இன்று பெயர்ப்பலகை, விலைப்பட்டியல், பில் புத்தகம் என எல்லாவற்றுக்கும் கையால் எழுதியது போன்ற எழுத்துருவைக் கேட்கும் வியாபாரிகளைக் காண்கிறேன். இது சரியல்ல என்பது எனது கருத்து.

கையெழுத்துச் சாயல் கெட்டதல்ல. வாடிக்கையாளரோடு நெருங்கிப் பேசும் தன்மை அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் பலரும் அறிந்த 'கொமிக் சான்ஸ்' எழுத்துருவை 1994இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தில் வின்சன்ட் கொனேர் வரைந்தார். கணினித் திரையில் கார்ட்டூன் நாய் ஒன்றின் பேச்சு பத்திரிகை எழுத்தில் இருந்தது அவருக்குப் பொருத்தமாகப் படவில்லை. எனவே சித்திரக்கதை எழுத்தைப் பின்பற்றி இதை உருவாக்கினார். பின்னர் அது அலுவலக அறிவித்தல் வரை எல்லா இடங்களிலும் புகுந்து, உலகெங்கும் கேலிக்கு ஆளானது. பிழை எழுத்தில் இல்லை, பயன்படுத்திய இடத்தில்தான்.

தமிழில் நமது நாட்டவரான தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்டது. கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கிறது, வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஆனால் அது யூனிகோட் எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்ததை யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே அதில் அமைக்க முடியும். இதை அச்சகத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெருநாள் வாழ்த்து, திறப்புவிழா அழைப்பிதழ், இனிப்புப் பெட்டி, சிறுவர் உடுப்புப் பை ஆகியவற்றுக்குக் கையெழுத்துச் சாயல் அழகு. விலை, நிறை, காலாவதித் திகதி, பில் ஆகியவற்றுக்குத் தெளிவான நேரெழுத்தே வேண்டும். பெயர்ப்பலகைக்கும் அதுதான் வேண்டுமென்றால், முதலில் ஒரு மாதிரியை அச்சிட்டு வீதிக்கு மறுபக்கம் நின்று பாருங்கள். மெய்யெழுத்தின் குற்று தெரிகிறதா? நம்மவர் கடைப் பெயர்களில் அதிகம் வரும் ஜ, ஷ, ஸ, ஹ ஒழுங்காக இருக்கின்றனவா?

விலையைப் பாவனையாளருக்குத் தெரியும்படி காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் விதித்த கடமை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான சூரா அல்பகராவின் 282ஆம் வசனமோ கடனை நீதமாக எழுதிவைப்பது பற்றியது. கொடுக்கல் வாங்கலில் எழுத்துக்கு மார்க்கம் தந்த இடம் அது. வாசிக்க முடியாத பில்லால் யாருக்கு என்ன பயன்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, நீண்ட காலத்தின் பின் திரும்பி வந்து கடை திறக்கும் நம்மவருக்கு இது மேலும் முக்கியம். இங்குள்ள இளம் தலைமுறைக்கு நமது பழைய கடைகளைத் தெரியாது. அவர்கள் நம்மை முதலில் அறிவது பலகையால், நம்புவது பில்லால். இரண்டும் தெளிவாக இருக்கட்டும். வல்ல அல்லாஹ் நமது வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக.