வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை தொழில் தொடங்கப்போகிறேன் என்றால்...

2025 செப்டம்பரில் ஹெச்1பி விசாவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்கா அறிவித்தபோது, பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பிய குடும்பங்கள் கலங்கிப்போயின. அங்கேயே படித்து முடித்து விசா மாற்றுபவர்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் அடுத்த மாதம் வந்தது. ஆனாலும் ஆண்டுக்கு 85,000 பேர் என்ற உச்சவரம்பு அப்படியேதான் இருக்கிறது. பிரிட்டனிலும் பட்டம் முடித்தபின் தங்கத் தரப்படும் 2 ஆண்டு காலம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைகிறது.

இந்த நேரத்தில்தான் பிள்ளை, "சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன்" என்று சொல்கிறான். வேலை கிடைக்காததால் சொல்லும் சாக்கு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பாதி உண்மைதான். வார்ட்டனில் படித்து மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய குணால் பஹலுக்கு 2007இல் ஹெச்1பி மறுக்கப்பட்டது. நாடு திரும்பியவர் 2010இல் ஸ்னாப்டீலைத் தொடங்கினார். வாசல் மூடியதுதான் அவரைத் தொழிலுக்குத் தள்ளியது.

மறுபாதி வேறு. லாகூரிலிருந்து 1967இல் தனது 16ஆம் வயதில் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்தவர் ஷாஹித் கான். மணிக்கு 1.20 டாலருக்குப் பாத்திரம் கழுவினார். வாகன பம்பர் தயாரிக்கும் நிறுவனத்தில் சேர்ந்து, 1971இல் பட்டம் பெற்றபின்னும் அங்கேயே இருந்தார். அந்தத் தொழிலின் நெளிவுசுளிவுகள் பிடிபட்ட பிறகு, 1978இல்தான் தனியாகத் தொடங்கினார். இரண்டே ஆண்டில், தான் வேலை பார்த்த நிறுவனத்தையே வாங்கினார். (அவர் தொடங்கியது 50,000 டாலர் கடனில். அதை நாம் முன்மாதிரியாகச் சொல்லவில்லை.) இவரை யாரும் வெளியே தள்ளவில்லை. தனக்குத் தெரிந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்ற நம்பிக்கையே இவரை நகர்த்தியது.

இத்தகையவர்கள் அரிது என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் கொள்கைக்கான தேசிய அறக்கட்டளையின் 2022ஆம் ஆண்டு ஆய்வு, 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்ட 582 புதிய நிறுவனங்களைப் பார்த்தது. அவற்றில் 143இல் நிறுவனர்களில் ஒருவராவது அங்கே வெளிநாட்டு மாணவராக வந்தவர்.

நம் பிள்ளைகளுக்கு ஆசையோ திறமையோ குறைவில்லை. அவர்கள் கையைக் கட்டுவது கல்விக்கடன். வட்டிக்கு வாங்கிய 30, 40 லட்சத்துக்குத் தவணை கட்டவேண்டிய பிள்ளை, வருமானம் வர 2 ஆண்டு காத்திருக்கும் தொழிலை எப்படித் தொடங்குவான்? வட்டி ஹராம் என்பதை நாம் பாவக் கணக்கில் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். பிள்ளையின் துணிச்சலையும் அதுதான் தின்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிரிட்டனில் மாணவர் விசாவில் இருக்கும்போது சுயதொழில் செய்யக் கூடாது. வேறொருவர் கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு விநியோகம் செய்வதும் இதில் சேரும். பிடிபட்டால் படிப்பும் போகும். பட்டதாரி விசாவுக்கு மாறிய பிறகு சுயதொழில் செய்ய அனுமதி உண்டு. அதுவரை தொழிலைக் கற்கலாம், சந்தையைப் படிக்கலாம்.

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம், தமது செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள் ஸஅத் பின் ரபீஃ (ரலி). அவரோ துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே என்றுதான் கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையில் நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கினார்கள். புதிய ஊருக்கு வந்தவரின் தொழில் ஆர்வம் நமக்கு அந்நியமான செய்தியல்ல.

மகன் அல்லது மகளின் திட்டம் உருப்படியானது என்று தெரிந்தால், குடும்பத்தில் வசதியுள்ள மாமாவோ சாச்சாவோ கடனாகத் தராமல் முளாரபாவாகத் தரலாம். பணம் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது. உழைப்பவரின் கவனக்குறைவின்றி நஷ்டம் வந்தால் பணம் போட்டவர் பணத்தை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். லாபத்தில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். மாதம் இவ்வளவு ரூபாய் என்று தொகையை நிர்ணயித்துவிட்டால் அது முளாரபா ஆகாது. சொந்தக்காரர்களுக்குள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிசகுகிறது.